கழுதைகளுக்கும் இடாப்பு உண்டு

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கிவிட்டால் மன்னார்த் தீவில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருக்காது. தனுசியா காலையிலிருந்து மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த கையை எடுக்குமுன் மணல் மறுபடி வந்து படிந்தது.

"மேசையை விடப்பா. அவ மேசையைப் பாக்கவே வாறா?" என்றான் தனஞ்சயன். வீட்டின் முன்பக்கமே அவனுடைய கடை. ஊரில் பழுதாகும் குளிர்சாதனப் பெட்டி எல்லாம் கடைசியில் அவனிடம்தான் வரும்.

"நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

"என்ர வேலையைத்தான் பாக்கிறன். நீர்தான் காலமையிலயிருந்து ஓடித் திரியிறீர்."

ஓடித் திரியாமல் என்ன செய்வாள்? கல்வித் திணைக்களத்துக் கந்தோரிலிருந்து போன கிழமை வந்த தொலைபேசி அழைப்பு அவளுடைய நித்திரையைக் கொண்டுபோயிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, விருப்பப்பட்டதை விருப்பப்பட்ட நேரம் படிக்கட்டும் என்று வீட்டில் வைத்திருக்கும் தாயை நேரில் பார்க்க ஓர் உத்தியோகத்தர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். யாரோ போய் அறிவித்திருக்கிறார்கள். அந்த யாரோ இன்னார்தான் என்று தனுசியா தன் மனதில் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். அந்த ஆள் இந்த அத்தியாயத்தில் இன்னும் சிறிது நேரத்தில் படலையைத் திறந்துகொண்டு வரப்போகிறார்.

புருசனும் மனைவியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். வருகிறவர் திருப்திப்பட்டால் தனஞ்சயன் இந்த ஆண்டு முழுக்க வாய் திறக்கமாட்டான். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பிள்ளைகள் இருவரும் சீருடை போடுவார்கள். தனுசியா உடனே சம்மதித்தாள். தான் தோற்கக்கூடும் என்று அவள் ஒரு கணமும் நினைக்கவில்லை.

அவள் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. மூத்தவள் சாதுரியா நாலாம் வகுப்பில் இருந்தபோதே அவளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு என்று விடியவும் ரியூசன், பின்னேரமும் ரியூசன் என்று ஓட்டினார்கள். படலையைத் தாண்டுமுன் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுக்கும். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார் டொக்டர். பிறகு ஒருநாள் தலைவாரும்போதுதான் தனுசியா கவனித்தாள். பிள்ளையின் கண்ணிமையில் மயிரே இல்லை. கணக்குச் செய்யும்போது ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறாள்.

இளையவன் கீர்த்தனனுக்கு எழுத்துப் பிடிபடவில்லை என்று கடைசி வரிசைப் பின் வாங்கில் இருத்திவிட்டார்கள். அங்கேயே அவன் பேச்சும் குறைந்துபோயிற்று.

வீட்டோடு வைத்த பிறகு சாதுரியாவின் சத்தி நின்றது. இமையும் முளைத்தது. கீர்த்தனனுக்குத் தகப்பனின் கடையில் வெறுமையாகக் கிடந்த பெரிய மட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தது. அதைத் தலைமன்னார் ரயிலாக்கி, முருங்கன், திருக்கேதீஸ்வரம், மன்னார், பேசாலை என்று ஸ்டேஷன் பெயர்களை எழுதப் போய், எழுத்தும் பிடிபட்டுவிட்டது. ஏழு வயதில் இப்போது அவன் வாசிக்காத கடைப்பலகை கிடையாது. இதையெல்லாம் கண்ணால் கண்ட தாய்க்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனால் வருகிறவருக்கு அத்தாட்சி வேண்டுமே. அதனால்தான் அன்று காலை அவள் தன் கொள்கையைத் தானே மறந்துபோனாள்.

"சாதூ, இஞ்ச வா. 'உமக்கு என்னத்தில விருப்பம்' எண்டு அவ கேட்டா என்ன சொல்லுவாய்?"

"பறவையள்."

"முழு வசனமாச் சொல்லு."

சாதுரியா நிமிர்ந்து நின்றாள். "எனக்குப் பறவைகளில் விருப்பம். நான் பூநாரைகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன்."

"பூநாரை ஏன் சிவப்பா இருக்கு?"

"அது... தின்னுற சாப்பாட்டால."

"என்ன சாப்பாடு? நேற்றும் சொல்லித் தந்தனான் எல்லே."

பிள்ளை சுவரைப் பார்த்தது. சுவரில் பூநாரைப் படம் பெரிதாக ஒட்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் படத்தில் பாதிக்கு மேல் தனுசியாவின் கைவண்ணம். மாரியில் வங்காலைப் பக்கம் போய்ப் பறவை பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து பூநாரைப் பைத்தியம் பிடித்தது தாய்க்குத்தான். மகள் கூடவே நின்று நிறக்கட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

"அம்மா, இது சோதனையா?"

"இல்லையடி குஞ்சு. சும்மா கதைக்கிறதுதான்."

"பிழையாச் சொன்னா என்ன செய்வினம்?"

"ஏன் பிழையாச் சொல்லப்போறாய்? இன்னொருக்காச் சொல்லு, வா."

இந்த இடத்தில் தனுசியா நிறுத்தியிருக்க வேண்டும். முன்பள்ளியில் படிப்பித்தவள். பிள்ளையின் முகத்தை வாசிக்கத் தெரிந்தவள் என்று பெயர் எடுத்தவள். அன்று பார்த்து அவளுக்கு வாசிக்க நேரம் இருக்கவில்லை. படத்தின் ஒரு மூலை காற்றில் கிளம்பியிருந்தது. அதை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வயித்துக்குத்து," என்றாள் சாதுரியா.

"போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வா. தம்பியையும் கூட்டிக்கொண்டு வா."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது. வயித்துக்குத்து. எத்தனையோ மாதமாகக் கேட்காத சொல். திரும்பிப் பார்த்தாள். பிள்ளை குசினி வாசலால் இறங்கிப் பின்வளவுக்குப் போய்விட்டது. பின்னால் போகலாம் என்று ஓர் அடி வைத்தபோது முன்படலை அடித்துத் திறந்தது.

காற்று அல்ல. மச்சாள் சுபத்திரா.

தனஞ்சயனுக்கு மூத்தவர். வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு. புருசன் கட்டாரில். ஒரே மகன் நிதர்சன், சாதுரியாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அடுத்த மாதம் அவனுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. பரீட்சை எழுதப்போவது மகன் என்றாலும் சாப்பாடு இறங்காமல் திரிவது தாய்தான்.

"தம்பி, உன்ர மோள் என்ர பிள்ளையைக் கழுதை எண்டு கூப்பிடுறாள். அது உனக்குத் தெரியுமோ?"

தனஞ்சயன் குறட்டைக் கீழே வைத்தான். "ஆர் சொன்னது அக்கா?"

"ஆர் சொல்ல வேணும்? என்ர ரெண்டு காதாலயும் கேட்டனான். கிணத்தடியில உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிக்கிறன், வேலிக்கு இஞ்சால 'நிதர்சன், நிமிர்ந்து நில்லும்' எண்டு சத்தம் கேக்குது. பெடியன் பள்ளிக்கூடத்தில எல்லே, இஞ்ச எப்பிடி வந்தவன் எண்டு எட்டிப் பாக்கிறன். கழுதை நிக்குது."

தனஞ்சயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக்கி விழுங்கினான்.

மன்னார்ப் பட்டினத்தில் கழுதை ஒன்றும் புதினமில்லை. சந்திக்குச் சந்தி நிற்கும். பஸ் நிலையத்தில் ஆட்களுக்கு முன்னால் நிழலில் இடம் பிடிக்கும். ஒழுங்கையில் படுத்தால் லொறிக்காரன்தான் இறங்கி எழுப்ப வேண்டும். யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் பெற்ற பிள்ளைக்கு நாள் நட்சத்திரம் பார்த்து வைத்த பெயரை ஒரு கழுதைக்கு வைத்துக் கூப்பிடுவதை எந்தத் தாய் பொறுப்பாள்?

"மச்சாள், முதல்ல இருங்கோ. தேத்தண்ணி போடுறன்," என்று வந்தாள் தனுசியா.

"எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கும் விடாமல் வைச்சு நீர் இதைத்தான் படிப்பிக்கிறீரோ? ஊரெல்லாம் கேக்குது, உங்கட மருமோள் என்ன படிக்கிறாள் எண்டு. நான் இனி என்ன சொல்ல? கழுதை மேய்க்கிறாள் எண்டோ?"

"சின்னப் பிள்ளையள் விளையாடுற விளையாட்டு மச்சாள்."

"உமக்கு எல்லாம் விளையாட்டு. என்ர பிள்ளை அங்க கண்முழிச்சுப் படிக்கிறான்."

ஒரு கிழமையாக அடக்கி வைத்திருந்தது தனுசியாவின் வாயிலிருந்து வெளியே வந்துவிட்டது. "அதுக்காகத்தானே கந்தோருக்குப் போய்ச் சொன்னனீங்கள்?"

சுபத்திரா அவளை மேலும் கீழும் பார்த்தார். கோபம் போய் அந்த இடத்தில் வேறொன்று வந்தது.

"நான் சொல்லேல்லை," என்றார் மெதுவாக. "சொல்லியிருக்க வேணும்."

படலையடியில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றி, சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தனஞ்சயன் வீடு இதுதானே? நான் இந்திராதேவி. கல்விக் கந்தோரில இருந்து வாறன்."

சண்டையின் நடுவே விருந்தாளி வந்தால் நம்மவர்கள் எவ்வளவு விரைவில் முகத்தை மாற்றுவார்கள் என்பதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. தனஞ்சயன் கதிரையைத் துடைத்தான். சண்டைக்கு வந்த சுபத்திராவே உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

இந்திராதேவி தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"வடிவான படம். ஆர் கீறினது?"

"மகள், மிஸ்."

"முழுக்க மகளோ?"

தனுசியாவின் காது சுட்டது. "நிறம் தீட்டேக்க நானும் கொஞ்சம்..."

"பரவாயில்லை. என்ர மகளின்ர செயற்றிட்டம் எல்லாம் முந்தி நான்தான் செய்து குடுக்கிறனான். எனக்கு நல்ல புள்ளி வந்தது." சிரிக்காமல் சொன்னார். "பிள்ளையள் எங்க?"

"பின்வளவில. கூப்பிடுறன்."

"வேண்டாம். நாங்கள் போவம்."

தனுசியா பின்னாலேயே ஓடினாள். மேசையில் அடுக்கி வைத்த சிப்பி, உப்புப் பரிசோதனைப் போத்தல், பறவைக் கொப்பி எல்லாவற்றையும் தாண்டி இந்த அம்மா நேரே குசினி வாசலுக்குப் போகிறாரே. நிதர்சன் என்ற கழுதை அங்கே நிற்கிறதே. மச்சாளும் கூடவே வருகிறாரே.

பின்வளவில் வேம்பின் கீழே கழுதைகள் நின்றன. தனஞ்சயன் கழித்துப்போட்ட குளிர்சாதனப் பெட்டியின் வெள்ளைக் கதவொன்று பனையில் சாத்தியிருந்தது. அதுதான் கரும்பலகை. எழுதுவதற்குக் கரித்துண்டு. சாதுரியா ஒரு துவாயைச் சேலையாகச் சுற்றி, தாயின் பழைய கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்சம் தள்ளி மட்டைப்பெட்டி ரயில் நின்றது. அதன் யன்னலில் கீர்த்தனனின் தலை தெரிந்தது.

இவர்கள் வந்த சத்தம் பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது.

"எல்லாரும் சத்தம் போடாமல் நில்லுங்கோ. இடாப்புக் கூப்பிடப்போறன்," என்றாள் சாதுரியா. குரல் அப்படியே ஒரு வகுப்பாசிரியையின் குரல். "அபிசன்."

ஒரு கிழட்டுக் கழுதை காதை ஆட்டியது. "வந்தேன் ரீச்சர்," என்று அதற்காகப் பதில் சொன்னான் ரயிலுக்குள்ளிருந்த கீர்த்தனன்.

"டிலக்சி."

"வந்தேன் ரீச்சர்."

"நிதர்சன்."

"வந்தேன் ரீச்சர்."

சுபத்திரா முன்னே பாய்ந்தார். இந்திராதேவி அவருடைய கையைப் பிடித்தார். "கொஞ்சம் பொறுங்கோ."

"சாதுரியா," என்று கூப்பிட்டாள் சாதுரியா.

அந்தப் பெயருக்கு அங்கே கழுதை இல்லை. நிழலில் ஓர் இடம் மட்டும் வெறுமையாக விட்டிருந்தது.

"வரேல்லை ரீச்சர்," என்றான் கீர்த்தனன்.

"இண்டைக்கும் வரேல்லையோ?"

"இல்லை ரீச்சர். அவவுக்கு வயித்துக்குத்து."

"எப்ப வருவா?"

"தெரியாது ரீச்சர்."

ரீச்சர் தலையை ஆட்டிவிட்டுக் கதவில் கரியால் ஒரு கோடு இழுத்தாள். கதவு முழுக்க, பெயர் எழுதாமல், வரிவரியாக அடையாளங்கள். மற்ற வரிகளில் சரி அடையாளம் போட்டிருந்தது. நாலாவது வரியில் மட்டும் தொடக்கத்திலிருந்து இன்றுவரை குறுக்குக் கோடுகள்தான். எத்தனை நாள் அந்தக் கதவைத் தாண்டித் தனுசியா உடுப்புக் காயப்போடப் போயிருக்கிறாள். கணக்குப் பழகுகிறார்கள் என்று நினைத்துச் சந்தோசப்பட்டிருக்கிறாள்.

சுபத்திராவால் அதற்கு மேல் முடியவில்லை. "ஏனடி பிள்ளை, என்ர மோன்ர பேரைக் கழுதைக்கு வைச்சனீ?"

சாதுரியா திடுக்கிட்டுத் திரும்பினாள். கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "நான் வைக்கேல்லை மாமி. அவன்தான் வைச்சவன்."

"ஆர்?"

"நிதர்சன். தன்னால வர ஏலாத நாளில தனக்குப் பதிலா அது நிக்கட்டாம். அதுக்கு வரவு போட்டா தனக்கும் வரவாம்."

"வர ஏலாத நாளோ? அப்ப வாற நாளும் இருக்கோ?"

பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டது. கீர்த்தனனுக்கு அந்தச் சங்கடம் எல்லாம் தெரியாது. யன்னலால் தலையை நீட்டி, "ரியூசனுக்குப் போற வழியில வாறவன் மாமி. கேள்விப் பேப்பரை அபிசனுக்குத் தின்னக் குடுக்கிறவன். அபிசனுக்குப் பேப்பர் எண்டா நல்ல விருப்பம்," என்றான்.

சுபத்திரா அங்கே கிடந்த மரப்பெட்டியில் இருந்துவிட்டார். மகன் கெட்டிக்காரன் என்று நினைத்தவருக்கு, மகன் கழுதையாக நிற்க ஆசைப்படுகிறான் என்ற செய்தியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "கேள்விப் பேப்பர் துலைஞ்சிட்டுது எண்டு சொன்னவன்," என்றார் யாருக்கும் இல்லாமல். அவருடைய கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் தனுசியாவுக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

இந்திராதேவி சாதுரியாவுக்கு முன்னால் போய், மணலிலேயே குந்தினார்.

"ரீச்சர், உங்கட வகுப்பில என்ன படிப்பிக்கிறீங்கள்?"

அந்த 'ரீச்சர்' பிள்ளைக்குப் பிடித்துக்கொண்டது. "அவையளுக்கு விருப்பமானதுதான். டிலக்சிக்கு நித்திரை விருப்பம். நான் எழுப்புறேல்லை."

"சோதனை வைக்கிறனீங்களோ?"

"இல்லை. இஞ்ச சோதனை இல்லை."

"நல்ல பள்ளிக்கூடம். அப்ப ஏன் அந்தச் சாதுரியா மட்டும் வாறேல்லை?"

பிள்ளை கரித்துண்டை உருட்டியது. விளையாட்டு இன்னும் கலையவில்லை. அதனால்தான் பதில் வந்தது.

"அவவுக்கு வர விருப்பம். ஆனா அவ வந்தா அவவின்ர அம்மா அழுவா."

தனுசியா வேம்பைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் நேரே சொல்லாததை விளையாட்டில் சொல்லிவிடுவார்கள் என்று எத்தனை தாய்மாருக்கு அவள் விளக்கம் கொடுத்திருப்பாள். தன் வீட்டுக் கதவில் அது கிடந்தும் அவள் வாசிக்கவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து காப்பாற்றியதாக நினைத்திருந்தாள். மகள் இத்தனை நாளும் தாயை அழாமல் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இந்திராதேவி வெகுநேரம் இருக்கவில்லை. போகும்போது படலையடியில் நின்று தனுசியாவிடம் சொன்னார்:

"ஐஞ்சு வயசில இருந்து பதினாறு வரைக்கும் பிள்ளையள் பள்ளிக்கூடம் போக வேணும் எண்டது சட்டம். அது உங்களுக்கும் தெரியும். ஆனா நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதிப்போட்டுப் போற ஆள் இல்லை. உங்கட சின்னவர் எனக்கு ஒரு ரிக்கெற் தந்தவர்." மட்டைத் துண்டொன்றைக் காட்டினார். அதில் கோணலாக, ஆனால் ஓர் எழுத்தும் பிழைக்காமல் 'திருக்கேதீஸ்வரம்' என்று எழுதியிருந்தது. "பின் வாங்கில இருந்த பிள்ளை எண்டு ஆர் சொல்லுவினம்?"

தனுசியா அந்த மட்டைத் துண்டை வாங்கிப் பார்த்துத் திரும்பக் கொடுத்தாள்.

"ரெண்டு பிள்ளையளுக்கும் ரெண்டு கதை. என்ர படிவத்தில எழுத ஒரு கதைக்குத்தான் இடம் இருக்கு. திங்கள் காலமை கந்தோருக்கு வாங்கோ. என்ன செய்யப்போறீங்கள் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

"மிஸ், ஆர் அறிவிச்சது?"

"அதைச் சொல்ல ஏலாது." தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டார். "ஆனா உங்களில கோவத்தில அறிவிச்ச ஆள் இல்லை. அவ்வளவுதான் சொல்லுவன்."

ஸ்கூட்டி போன பிறகு தனுசியா கடைப்பக்கம் திரும்பினாள். தனஞ்சயன் ஒரு செப்புக்குழாயை வளைத்துக்கொண்டிருந்தான். வளைந்ததையே திரும்ப நிமிர்த்தினான்.

"நான் வெண்டிட்டன் எண்டு நினைக்காதையும் தனு," என்றான்.

"நான் ஒண்டும் கேக்கேல்லை."

கேட்கவில்லைத்தான். ஆனால் ஒன்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஒரு கிழமையில் அயலைச் சந்தேகப்பட்டாள், பழைய ரீச்சரைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் மச்சாள்தான் என்று முடிவு கட்டினாள். யார் அறிவித்தது என்று இந்த மனிதன் மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

அதைக் கேட்க இப்போது நேரம் இல்லை. உள்ளே போனாள். சுவரில் ஒரு மூலை கழன்று அடித்துக்கொண்டிருந்த பூநாரைப் படத்தைக் கழற்றி, சுருட்டி, அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

பின்னேரமும் காற்று நிற்கவில்லை. கழுதைகள் தங்கள் பாட்டில் ஒழுங்கைக்குப் போய்விட்டன. சாதுரியா வெள்ளைக் கதவுக்கு முன்னால் தனியே இருந்தாள். காலையில் இருந்த ரீச்சர் மிடுக்கு போய்விட்டது. ஏதோ பெரிய பிழை செய்துவிட்டோம் என்ற முகம். கை கண்ணிமைப் பக்கம் போய்ப் போய் வந்தது.

தனுசியா அவளிடம் போகவில்லை. வேம்பின் கீழே, கழுதைகள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தில் போய்க் காலை மடக்கி இருந்தாள்.

"ரீச்சர், இன்னொருக்கா இடாப்புக் கூப்பிடுங்கோ."

சாதுரியா நம்பாமல் பார்த்தாள். "கழுதையள் போயிட்டுதுகள் அம்மா."

"நான் இருக்கிறன்தானே."

பிள்ளை எழுந்து துவாயைத் திரும்பச் சுற்றிக்கொண்டது. அபிசன் என்றது. ரயிலுக்குள்ளிருந்து "வந்தேன் ரீச்சர்" என்று கேட்டது. டிலக்சிக்கும் நிதர்சனுக்கும் கேட்டது. கழுதை இல்லாவிட்டாலும் கீர்த்தனன் கடமை தவறுகிறவன் இல்லை.

"சாதுரியா."

"வரேல்—" என்று கீர்த்தனன் தொடங்கினான்.

"வருவா ரீச்சர்," என்றாள் தனுசியா. "திங்கட்கிழமை வருவா."

சாதுரியாவின் கையில் கரித்துண்டு அப்படியே நின்றது. "அவவின்ர அம்மா அழுவாவோ?"

"அழுவா. அழுதுபோட்டு, மத்தியானத்துக்குச் சோறு கட்டித் தருவா."

"சோதனை?"

"அந்தச் சோதனை எழுதாட்டி ஒண்டும் குடிமுழுகிப் போகாது. நானே வந்து ரீச்சரோட கதைக்கிறன். ரியூசனும் இல்லை. நிதர்சனோட ஒரு வாங்கில இருந்தாப் போதும்."

பிள்ளை தாயைப் பார்த்தது, கதவைப் பார்த்தது. பிறகு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. கரி தனுசியாவின் கன்னம் முழுக்க அப்பியது. அழுவா என்று சொன்ன தாய் திங்கட்கிழமைவரை காத்திருக்கவில்லை, அப்போதே அழுதாள். சந்தோசத்தில் பாதி, தோற்றுப்போன வருத்தத்தில் பாதி. எது எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது.

அப்போதுதான் ரயிலின் யன்னல் மூடப்பட்டது.

மட்டையை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டான் கீர்த்தனன். புருசனோடு பேசிய உடன்பாடு தனுசியாவுக்கு நினைவு வந்தது. திங்கட்கிழமை சீருடை போட வேண்டியவர்கள் இரண்டு பேர்.

"கீர்த்தி, திறவுங்கோ குஞ்சு."

"ரயில் இண்டைக்கு ஓடாது."

"ஏன் ஓடாது?"

மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டுத் தனுசியா எழுந்து போனாள்.

"அக்கா போனா," என்றது மட்டைக்குள்ளிருந்த குரல், "நான் ஆருக்கு 'வந்தேன் ரீச்சர்' எண்டு சொல்லுறது?"

காற்று பெட்டியைத் தூக்கப் பார்த்தது. தனுசியா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.